ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

மத்திய ஜெர்சித் தமிழ்ப் பேரவையில் புரட்சி வெடித்தபோது வான்மதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆகவே அதன் முதல் சில நிமிடங்களை அவள் பார்க்கவில்லை. கைதட்டல் கேட்டு, ஈரக்கையோடு சமையலறையின் பரிமாறும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது நெடுஞ்செழியன் ஒரு மடக்கு நாற்காலியின்மேல் ஏறி நின்றிருந்தார்.

1999 ஜனவரி. அமெரிக்காவில், எடிசன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் பொங்கல் விழா நடந்துகொண்டிருந்தது. பேரவையின் தலைவர் டாக்டர் சுந்தரராமன். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் தொழில். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். அவர் தலைமையுரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைக்குத் தட்டுகள் போய்விட்டன. விருந்தினர்கள் வடையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். உரை முடிந்து பின்வரிசைக்குப் பரிமாற வந்தபோது வடை இல்லை. அந்தப் பின்வரிசையில் நெடுஞ்செழியன் உட்கார்ந்திருந்தார்.

நெடுஞ்செழியன் டேட்டாபேஸ் கன்சல்டன்ட். முந்தின கோடையில் மைத்துனருக்கு ஊர் சுற்றிக்காட்ட பிலடெல்பியாவுக்குப் போய், விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றித் தவிர அவர் வேறெதையும் படிப்பதில்லை. அமெரிக்கப் புரட்சியை முடித்து, பிரெஞ்சுப் புரட்சியில் பாதி வரைக்கும் வந்திருந்தார்.

"நாம சந்தா கட்டறோம்!" என்றார் நாற்காலிமேல் இருந்து. "நம்ம சார்பா பேச கமிட்டியில ஒருத்தர் இருக்காங்களா? பிரதிநிதித்துவம் இல்லாமல் சந்தா இல்லை!"

"நெடுஞ்செழியன், ப்ளீஸ் உட்காருங்க," என்றார் டாக்டர் மைக்கில். "இங்க ஃபுல் டெமாக்ரசி இருக்கு. போன எலெக்‌ஷன்ல நான் அன்அப்போஸ்டா வந்தேன். அதுக்கு முந்தின எலெக்‌ஷன்லயும் அன்அப்போஸ்ட். வேற யாரும் நிக்கலன்னா நான் என்ன பண்ண முடியும்?"

"நாமினேஷன் தேதியை யாருக்கும் சொல்லவே இல்லையே, டாக்டர்!"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

பின்வரிசை எழுந்து வெளிநடப்புச் செய்தது. வெளியே பனி கொட்டியதால் உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களில் வான்மதியின் கணவன் சபரியும் இருந்தான்.

சபரி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர். பழைய புரோகிராம்களைத் திறந்து, இரண்டு இலக்கத்தில் இருக்கும் வருடத்தை நான்கு இலக்கமாக மாற்றுவது அவன் வேலை. காலையில் போனால் இருட்டியபிறகு வருவான். வான்மதி உடுமலையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்தவள். கல்யாணமாகி மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கணவனைச் சார்ந்து, டிபென்டென்ட் விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. கார் இல்லாமல் அந்த ஊரில் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. அபார்ட்மென்ட் ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்ப்பாள். ஒருநாள் சபரி வந்து கதவைத் தட்டியபோதுதான், காலையிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. வருத்தம் வரவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு வேலை இருந்தது. ஒரு சர்ச்சின் அடித்தளத்து அறையில் பேரவை நடத்திய தமிழ் வகுப்பு. சம்பளம் கிடையாது. பத்துப் பதினைந்து பிள்ளைகள். அவள் தமிழில் கேட்பாள், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். நெடுஞ்செழியனின் ஒன்பது வயது மகள் கண்மணி, "ஆன்ட்டி, ஒய் டு வி நீட் த்ரீ எல்ஸ்?" என்று வாராவாரம் கேட்பாள். ல, ள, ழ மூன்றையும் அந்தப் பெண்ணின் நாக்கு ஒரே மாதிரிதான் சொல்லும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் வான்மதிக்குத் தன் குரல் தனக்கே கேட்கும்.

புரட்சியின் அடுத்த நடவடிக்கை காப்பி. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்பதால், இங்கே காப்பியை ராரிட்டன் ஆற்றில் கொட்டுவது என்று முடிவாயிற்று. கொட்டுவதற்கு வேண்டிய டிகாஷனைப் போடும் பொறுப்பு குடும்பங்களிடம் கொடுக்கப்பட்டது. குடும்பங்கள் என்றால் பெண்கள்.

"எதுக்குங்க நல்ல டிகாஷனக் கொண்டுபோய் ஆத்துல ஊத்தணும்?" என்று கேட்டாள் வான்மதி.

"அது சிம்பாலிக், மதி," என்றான் சபரி. "ஸ்ட்ராங்கா போடு. தண்ணியா இருந்தா கலர் தெரியாது."

ஆற்றங்கரைப் பூங்காவில் நெடுஞ்செழியன் முழங்க, முதல் அண்டா கவிழ்ந்தது. பூங்காக் காவலர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். "லிபர்ட்டி," என்றார் நெடுஞ்செழியன். லிபர்ட்டியை ஆற்றில் ஊற்றக்கூடாது, வாத்துகள் இருக்கின்றன என்றார் காவலர். மீதி டிகாஷனில் பால் சேர்த்து எல்லோரும் குடித்தார்கள். காவலருக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். "அரசாங்கமே நம்ம பக்கம்," என்று அன்று மாலை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது.

பிப்ரவரியில் நெடுஞ்செழியன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிக்கொண்டு வான்மதியின் வீட்டுக்கு வந்தார். ஒற்றுப்பிழை பார்க்க வேண்டுமாம். டாக்டர் சுந்தரராமனின் கொடுமைகள் மூன்று பக்கத்துக்கு இருந்தன. மைக்கைப் பிடித்தால் விடாமை, கோடைப் பிக்னிக்கில் தனக்கு மட்டும் நிழலில் இடம், இப்படி. முதல் வரி 'மனிதர் யாவரும் சரிநிகர் உரிமையோடு பிறக்கிறார்கள்' என்று தொடங்கியது. வான்மதி நான்கு இடத்தில் 'ப்' சேர்த்தாள். இரண்டு இடத்தில் 'க்' எடுத்தாள்.

"அண்ணா, மனிதர் யாவரும்னா அதுல நாங்களும் வர்றோமுங்களா?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க இல்லாம புரட்சியே இல்ல. வேன்ல பிலடெல்பியா போய்க் கையெழுத்துப் போடப்போறோம். புளியோதரை உங்க பொறுப்பு."

சுதந்திர மண்டபத்துக்கு எதிரே, புல்வெளியில் கையெழுத்து நடந்தது. ஆண்கள் வேட்டிக்குள் தெர்மல் பேண்ட் போட்டிருந்தார்கள். 'சுதந்திரத் தமிழ்ப் பேரவை' பிறந்தது. அதன் அரசியல் சட்டத்தையும் நெடுஞ்செழியன் அங்கேயே வாசித்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு, அதைக் குடும்பத் தலைவர் போடுவார் என்று ஒரு பிரிவு இருந்தது.

ஜோசபின்தான் முதலில் கையைத் தூக்கினாள். தூத்துக்குடிக்காரி, நர்ஸ். ஆஸ்பத்திரி அவளுக்குத்தான் விசா எடுத்துக் கூப்பிட்டது. அவள் கணவன் பெனிஷ் அவளைச் சார்ந்து வந்து, வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல நாந்தான வேலைக்குப் போறேன். விசாவே எம்பேர்லதான் வந்துச்சு. இவுக என் டிபென்டென்ட்டு. அப்ப ஓட்டு யாருக்கு?"

"பெனிஷுக்குத்தான்மா."

"எப்படி?"

"டிபென்டென்ட்ன்றது அமெரிக்க கவர்ன்மென்ட் சொல்றது. நாம இன்னிலருந்து சுதந்திரமானவங்க. அந்த ரூல் நம்மளக் கட்டுப்படுத்தாது." கூட்டம் கைதட்டியது. நெடுஞ்செழியன் குரலை உயர்த்தினார். "நண்பர்களே! பகுத்தறிவின் வெளிச்சத்தில் பார்ப்போம். ஓர் உடலுக்கு இரண்டு தலை இருக்க முடியுமா? முடியாது. இது நான் சொல்வதல்ல, இயற்கை சொல்வது. தலைக்கு ஓட்டு. உடலுக்கு, நம் நன்றி!"

பெனிஷ் புளியோதரைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "எனக்கு வேண்டாம், நீயே போடு," என்று மனைவியிடம் முணுமுணுத்தான். ஓட்டைக் கைமாற்றச் சட்டத்தில் இடமில்லை என்று சபரி அவனுக்கு விளக்கினான். சபரி அப்போது சட்டக்குழு உறுப்பினராகியிருந்தான்.

திரும்பும் வழியில் வேனில் வான்மதி ஜோசபினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்குக் கோவம் வரலையாட்டி?" என்று ஜோசபின் கேட்டாள்.

வான்மதி யோசித்துப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்டபிறகு உதட்டைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"தெரியலீங்க அக்கா," என்றாள்.

மார்ச் மாதம் அவர்கள் சிறையை உடைத்தார்கள். பழைய பேரவையின் சாமான்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தன. பாரிஸில் சிறையை உடைத்த கதையைப் படித்து முடித்திருந்த நெடுஞ்செழியன், பூட்டை அறுக்கும் கருவியை வாங்கிக்கொண்டு வந்தார். கதவு திறந்ததும் 'விடுதலை! விடுதலை!' என்று கத்தினார்கள். உள்ளே ஏழு அண்டாக்களும் காகிதத் தட்டுகளும் ஓர் உடைந்த குத்துவிளக்கும் இருந்தன. ஏழு அண்டாக்களும் விடுதலை செய்யப்பட்டு, வைக்க இடமில்லாமல் வான்மதியின் பால்கனிக்கு வந்து சேர்ந்தன. அதன்பிறகு ஜன்னலில் நின்றால் பார்க்கிங் லாட் தெரியவில்லை.

ஏப்ரலில் நாட்காட்டி மாறியது. சித்திரை முதல் தேதிக்கு ஹால் கிடைக்கவில்லை. தமிழ்ப் புத்தாண்டு இனி ஜூன் பன்னிரண்டு என்று புதிய பேரவை அறிவித்தது. "சூரியன் எந்த ராசியில இருக்குன்றது நம்பிக்கை," என்றார் நெடுஞ்செழியன். "ஹால் என்னிக்கு ஃப்ரீன்றது ஃபேக்ட்."

மே மாதம் தலைகள் விழத் தொடங்கின. பேரவையின் மின்னஞ்சல் குழுவிலிருந்து பெயரை நீக்குவதைத்தான் தலையை எடுப்பது என்றார்கள். முதல் தலை சுப்பையன் என்பவருடையது. பழைய பேரவையின் பிக்னிக்கில் அவர் கார் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பூங்காவுக்குத் தன் மகனை நீச்சலுக்கு அழைத்துப்போனேன் என்றார் அவர். நீச்சலுக்குப் போனவரிடம் தயிர்சாத வாசனை ஏன் வந்தது என்று விசாரணைக் குழு கேட்டது. வாசனை பார்த்தவன் சபரி. அவன் கெட்டவன் அல்ல. மற்றவர்கள் எதைச் செய்தாலும் தானும் செய்வான், அவ்வளவுதான். இரவில் தூங்கும் முன் நெடுஞ்செழியன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று வான்மதியிடம் கேட்பான். அவள் "நல்லாத்தான் நெனைப்பாரு" என்பாள்.

இவ்வளவுக்கும் நடுவில் சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டர் சுந்தரராமன் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வான்மதி, யூ ஆர் டூயிங் எ கிரேட் ஜாப். ஐ மீன் இட். ஆனா இந்த ரூம் நம்ம பேரவை பேர்ல இருக்கு. நீங்க அந்த குரூப்ல சேந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நான் எதுலயும் சேரலீங்க, டாக்டர் சார். எனக்கு ஓட்டே இல்லீங்க."

"நம்ம பேரவையிலயும் ஃபேமிலி மெம்பர்ஷிப்தான். ஸோ உங்க ஹஸ்பெண்ட் எங்கயோ, நீங்களும் அங்க. எனக்கு பொலிட்டிக்ஸ் பிடிக்காது. சாவியை மட்டும் குடுத்துடுங்க."

கொடுத்தாள். பிள்ளைகள் புத்தகங்களைப் பைக்குள் வைத்தார்கள். "இஸ் இட் எ ஃபயர் டிரில்?" என்று கண்மணி கேட்டாள்.

புதிய பேரவை இதை வரலாற்றுக் கொடுமை என்று கண்டித்து, ஊர்ச் சமூகக்கூடத்தில் தன் பெயரில் ஓர் அறை எடுத்தது. பிள்ளைகள் வந்தார்கள். சிலர் வரவில்லை, அவர்களின் தகப்பன்மார் டாக்டர் பக்கம். வகுப்பு மூன்று மாதம் நடந்தது. அந்த மூன்று மாதத்தில் கண்மணி ஒரு நாள், தற்செயலாக, 'பழம்' என்று சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். வான்மதி மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் வந்தது.

அக்டோபரில் பேரவையின் பொதுக்குழு அதே கூடத்தில் கூடியது. பெண்கள் அடுத்த அறையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பரிமாறும் ஜன்னல். ஹால் கிடைத்த நவம்பரில் பேரவையின் சுதந்திர விழா வருகிறது, சினிமாப் பாட்டுக்கு நடன ஒத்திகை பார்க்கச் சனிக்கிழமை அறை வேண்டும், அதுவரை தமிழ் வகுப்பை நிறுத்திவைக்கலாமா என்று கேள்வி வந்தது.

"நண்பர்களே," என்றார் நெடுஞ்செழியன். "எனக்கும் மனம் வலிக்கிறது. என் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். ஆனால் மொழி என்றைக்கும் இருக்கும். இரண்டாயிரம் வருடம் இருந்தது, இன்னும் இரண்டு மாதம் இருக்காதா? விழா தள்ளிப்போனால் ஹால் போய்விடும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்."

வான்மதி ஜல்லிக் கரண்டியோடு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. சபரி இடமும் வலமும் பார்த்தான். பிறகு அவன் கையும் உயர்ந்தது. பெனிஷின் கை மட்டும் மடியில் இருந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். கதவைத் திறந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்ப் பின்னால் நின்று கையைத் தூக்கினாள். கையில் கரண்டி இருந்தது.

"என்னம்மா, போண்டா ரெடியா?" என்றார் நெடுஞ்செழியன்.

"எதிர்த்து ஓட்டுப் போடறேனுங்க."

நெடுஞ்செழியன் சட்டக்குழுவைப் பார்த்தார். சட்டக்குழு சபரிதான். அவன் எழுந்து, தன் செருப்பைப் பார்த்தபடி, "எங்க வீட்டு ஓட்டு ஏற்கனவே பதிவாயிடுச்சுங்க," என்றான்.

"பெனிஷ் நடுநிலை. மற்ற அனைவரும் ஆதரவு," என்றார் நெடுஞ்செழியன். "நடுநிலையை ஆதரவாகவே கருதலாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சகோதரி வான்மதி நேரில் வந்து கை தூக்கிச் சிறப்பித்ததையும் குறிப்பில் சேருங்கள்."

வீட்டுக்குப் போகும்போது சபரி காரில் சொன்னான். "எல்லாரும் தூக்கினாங்க, மதி. நான் மட்டும் எப்படித் தூக்காம இருக்கறது? நீயே சொல்லு."

வான்மதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோர மரங்களெல்லாம் சிவந்திருந்தன. அழகாக இருக்கின்றன என்று தெரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் ஜோசபின் போன் செய்தாள். "சனிக்கெழம எங்க வீட்டுக்கு வந்துரு. டைனிங் டேபிள் சும்மாதான கெடக்கு. எம் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க, மத்தவங்க வந்தா வரட்டும். எனக்கு டூட்டி. பெனிஷ் இருப்பாக, காப்பி போட்டுத் தருவாக."

சபரி அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை ஒன்பது பேர். டாக்டர் பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். கண்மணியை அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு, தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

நான்காவது சனிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வெளியே இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து டாக்டர் சுந்தரராமன் இறங்கினார். இன்னொன்றிலிருந்து நெடுஞ்செழியன் இறங்கினார். இருவர் கையிலும் சுருட்டிய துணிப் பதாகை இருந்தது. வகுப்புக்கு அங்கீகாரம் கொடுக்க வந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரைப் புல்வெளியில் பார்த்ததும் நின்றார்கள்.

"இது எங்க வகுப்பு. தொண்ணூத்தி மூணுல நான் ஸ்டார்ட் பண்ணினேன்," என்றார் டாக்டர்.

"நீங்க பூட்டினீங்க. நாங்க மீட்டோம்."

"நீங்க டான்ஸுக்காக மூடினீங்க!"

"தற்காலிகமாக நிறுத்திவெச்சோம். மூடறதுக்கும் நிறுத்தறதுக்கும் தத்துவரீதியா வித்தியாசம் இருக்கு, டாக்டர்."

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். "ஆர் தே ஃபைட்டிங் அபௌட் அஸ்?" என்று கண்மணி கேட்டாள்.

"இல்ல, கண்ணு," என்றாள் வான்மதி. உண்மையைத்தான் சொன்னாள். வெளியே இப்போது எந்தப் பதாகையை மேலே மாட்டுவது, எதைக் கீழே மாட்டுவது என்று பேச்சு நடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரே கம்பத்தில் இரண்டையும் கட்டலாம் என்றார்கள். பிறகு கூட்டுக் குழு அமைப்போம் என்றார்கள். இரண்டு பேரவைகளும் இணைந்தால் பெரிய ஹால் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்ல, இதைத்தான் தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருவதாக நெடுஞ்செழியன் சொன்னார். பத்து மாதத்துப் புரட்சி அந்தப் புல்வெளியில் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடிந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டு வந்து மணியை அடித்தார்கள்.

பெனிஷ் கதவைத் திறந்தான்.

"இங்க இனி ஐக்கியப் பேரவையின் வகுப்பு நடக்கும். ஜாயின்ட் டெசிஷன். வீட்டுத் தலைவர் சம்மதம் வேணும்," என்றார் டாக்டர்.

"அவ டூட்டிக்குப் போயிருக்கா," என்றான் பெனிஷ். "சாயங்காலம் வந்து கேளுங்க."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, காப்பியைப் பார்க்கச் சமையலறைக்குப் போனான். இரண்டு தலைவர்களும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்கள். கூட்டுக் குழுவின் முதல் கூட்டத்தை எங்கே சாப்பிட்டுக்கொண்டு நடத்தலாம் என்று பேசியபடி ஒரே காரில் கிளம்பிப் போனார்கள். வான்மதி பிள்ளைகளை உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

வகுப்பு முடிந்து சபரி வந்தான். இணைப்புச் செய்தி அதற்குள் அவனுக்கு வந்திருந்தது. காரை எடுத்ததும் அதைப் பற்றியே பேசினான். புதிய சட்டக்குழுவில் தனக்கு இடம் இருக்குமா, டாக்டர் பழையதை மனதில் வைத்துக்கொண்டு தன்னை ஒதுக்குவாரா என்று கேட்டான். சிக்னலில் கார் நின்றது.

"வெள்ளிக்கிழமை ஜோசபின் அக்காவுக்கு லீவு," என்றாள் வான்மதி. "அவங்ககூடப் போய் டிரைவிங் பெர்மிட்டுக்கு டெஸ்ட் எழுதறேன். அப்பறம் அவங்களே ஓட்டக் கத்துக்குடுக்கறாங்களாம்."

சபரி திரும்பிப் பார்த்தான். "யாருகிட்டக் கேட்ட?"

"யாருகிட்டயும் கேக்கலீங்க."

பச்சை விழுந்து, பின்னால் இருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான்.